ஜிம் டப்பா முதல் கொடுவா குஞ்சு வரை: யார் இந்த வில்லியம் ரோஸ்?

ஜிம்முக்குப் போகிறவர் வாங்கும் சப்ளிமென்ட் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். லைசின், மெத்தியோனின், திரியோனின் என்று ஒரு பட்டியல் இருக்கும். காரைக்கால், நாகை பக்கம் கிராக்கி குறையாத கொடுவா மீனின் குஞ்சுக்குத் தீவனம் தயாரிப்பவர்கள் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதே பட்டியலைத்தான். அதற்கு அடித்தளம் போட்டவர் வில்லியம் கம்மிங் ரோஸ்.

யார் இவர்?

1887-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்தவர். 1911-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1922 முதல் 1955 வரை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர்.

என்ன கண்டுபிடித்தார்?

அதுவரை தெரிந்த அமினோ அமிலங்களை எல்லாம் கலந்து எலிகளுக்குக் கொடுத்தார். எலிகள் வளரவில்லை, இளைத்தன. கொஞ்சம் பால் புரதம் சேர்த்ததும் வளர்ந்தன. அப்படியென்றால் பட்டியலில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. பல வருடம் தேடி, 1935-ல் அதைப் பிடித்தார். அதுதான் திரியோனின். புரதங்களைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் கடைசியாகக் கண்டுபிடிக்கப்பட்டது இதுவே.

வளரும் எலிக்கு 10 அமினோ அமிலங்கள் உணவு வழியாகவே கிடைத்தாக வேண்டும் என்று நிறுவினார். அதில் ஒன்று குறைந்தாலும், மற்றவை எவ்வளவு இருந்தும் வளர்ச்சி தடைபடும்.

1942-ல் சோதனை மனிதர்களுக்கு மாறியது. அவருடைய மாணவர்களே முன்வந்தார்கள். சோள மாவு, சர்க்கரை, கொழுப்பு, வைட்டமின், அளந்து போட்ட அமினோ அமிலங்கள். சாப்பாடு அவ்வளவுதான். வயது வந்தவருக்கு 8 அவசியம் என்றார். பின்னாளில் ஹிஸ்டிடினும் சேர்ந்து அது 9 ஆனது.

மீனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1957-ல் ஜான் ஹால்வர் குழு சால்மன் மீனில் இதே முறையைச் சோதித்தது. எலிக்குச் சொன்ன அதே 10 மீனுக்கும் தேவை என்று தெரிந்தது.

ஆனால் குஞ்சுகளில் ஒரு சிக்கல். முட்டையிலிருந்து வந்த கொடுவா லார்வாவுக்கு முதல் இரண்டு, மூன்று நாள் மஞ்சள் கருதான் சாப்பாடு. வாய் திறந்த பிறகும் வேலை செய்யும் இரைப்பை கிடையாது. அமிலமும் பெப்சினும் சுரக்காது. குடலில் உள்ள டிரிப்சின் போன்ற நொதிகளை வைத்தே சமாளிக்க வேண்டும். பெரிய புரதத்தைக் கொடுத்தால் பாதி செரிக்காமலே வெளியேறும். வயிறு நிறைந்தும் குஞ்சு பட்டினி, தொட்டித் தண்ணீரும் கெடும்.

அதனால்தான் முதலில் ரோட்டிஃபர், பிறகு ஆர்ட்டீமியா என்று உயிர் இரை கொடுக்கிறார்கள். இவற்றில் தனி நிலையில் உள்ள அமினோ அமிலங்களைக் குடல் சுலபமாக உறிஞ்சும். இரைப்பை உருவான பிறகே உலர் தீவனத்துக்கு முழுமையாக மாற்ற முடியும்.

அப்போ பவுடர் போட்டால் போதாதா?

போதாது. தனி அமினோ அமிலம் தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். அதை நுண்துகளுக்குள் அடைத்தோ, உயிர் இரை மூலமோ கொடுக்க வேண்டும். விகிதம் தவறினாலும் பலன் இல்லை. ரோஸின் எலிகள் சொன்ன பாடம் இங்கேயும் அதேதான்.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் கொடுவாவைச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. குஞ்சு பொரித்துவிடலாம், பிழைக்க வைப்பதுதான் பாடு. பண்ணைக்காரரின் முதலீடு தங்குவதும் போவதும் அந்த முதல் சில வாரங்களில்தான்.

1966-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்ற ரோஸ், 1985-ல் தன் 98-வது வயதில் காலமானார்.