ஆனந்தரங்கப் பிள்ளை: கும்பினி வர்த்தகத்தின் சாட்சி

நூலையும் துணியையும் நம்பி ஜீவிக்கும் கொங்கு நாட்டார் ஆனந்தரங்கப் பிள்ளையின் சரித்திரத்தை அறிந்திருப்பது அவசியமாகும். அவர் வாழ்ந்தது சோழமண்டலக் கரையில். மறைந்து இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆயினும், அந்நியர் முதலைக் கொண்டு அந்நியர் தேவைக்காக நெசவு நடக்கும் நாட்டில் ஒரு வணிகர் எவ்வளவு உயரக்கூடும், உயர்ந்தும் எது அவர் கைக்கு எட்டாது என்பதற்கு அவர் வாழ்க்கை தக்கதோர் திருஷ்டாந்தம்.

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் பலர் முதலை ஒன்றுசேர்த்துக் கும்பினிகளை ஸ்தாபித்தனர். இங்கிலாந்தில் 1600-லும், ஹாலந்தில் 1602-லும், பிரான்ஸில் 1664-லும் இவை தோன்றின. அவர்களுடைய சரக்குகள் இங்கே அதிகம் விலைபோகாமையால், கப்பல்களில் வெள்ளியைக் கொணர்ந்து துணியை வாங்கிச் சென்றனர். நமது துணி அங்கே குவிந்ததும் கம்பளியும் பட்டும் நெய்வோர் கூக்குரலிட்டனர். பிரெஞ்சு அரசாங்கம் 1686-ல் அச்சடித்த பருத்தித் துணியைத் தடுத்து, 1759 வரை அத்தடையை நீடித்தது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டமியற்றியது. கும்பினியாரோ வேறு தேசங்களுக்கு அனுப்பி லாபம் தேடினர். நீலந்தோய்த்த நமது துணி மேற்கு ஆப்பிரிக்கா சென்று அடிமை வியாபாரத்தில் பண்டமாற்றுச் சரக்காயிற்று. தத்தம் தறியைக் காக்க அவர்களுக்கு அரசு இருந்தது. நம் நெசவாளருக்கு அத்தகைய துணை இருக்கவில்லை.

இக்காலத்தில், 1709 மார்ச் 30-ல், சென்னையை அடுத்த பெரம்பூரில் பிள்ளை பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை, மைத்துனர் நைனியப்ப பிள்ளையின் அழைப்பின்பேரில் புதுச்சேரியில் குடியேறினார். நைனியப்பர் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷ். துபாஷாவது, மொழிபெயர்ப்பாளராகவும் வியாபாரத் தரகராகவும் நின்று வணிகரையும் கும்பினியையும் இணைப்பவர். 1716-ல் கவர்னர் எபேர் அவரைச் சிறையிலிட்டு, கசையடி தண்டனை விதித்து, சொத்தையும் பறிமுதல் செய்தார். மறு ஆண்டே அவர் சிறையில் மாண்டார். குமாரர் குருவப்ப பிள்ளை பிரான்ஸ் சென்று முறையிட்டு நியாயம் பெற்றார். ஆனால் போன உயிர் மீளவில்லை. கும்பினியின் தயவு எத்தன்மையது என்பதை ஆனந்தரங்கர் பாலப்பருவத்திலேயே தம் குடும்பத்தில் கண்டார்.

வாலிபத்தில் பரங்கிப்பேட்டையிலிருந்த கும்பினிப் பண்டகசாலையை மேற்பார்த்தார். ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் சொந்தக் கிடங்குகள் வைத்து ஐரோப்பியச் சரக்குக்கு மாற்றாக உள்நாட்டுச் சரக்கைக் கொண்டார். ஆனந்தப்புரவி என்ற கப்பலையும் உடையவரானார். 1746-ல் கனகராய முதலியார் காலமான பின், கவர்னர் தூப்ளே அவருக்குத் தலைமைத் துபாஷ் பதவியை அளித்தார். முஸாபர் ஜங் 3000 குதிரைக்குரிய மன்சப் கௌரவம் அளித்தார்.

துணி வியாபாரம் நடந்த விதத்தையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். கும்பினி வணிகரிடம் ஒப்பந்தம் செய்து முன்பணம் கொடுக்கும். வணிகர் அதை நெசவாளர் ஊர்களுக்கு அனுப்புவர். வந்த துணியை நீள அகலமும் நெருக்கமும் பார்த்துத் தரம் பிரித்து, குறைந்ததைக் கும்பினியார் தள்ளிவிடுவர். வெள்ளியை ரூபாயாக அடிக்கும் உரிமையையும் 1736-ல் ஆற்காட்டு நவாபின் மூலம் பிரெஞ்சுக்காரர் பெற்றுவிட்டனர். முதல் அவர்களுடையது, தரம் நிர்ணயிப்பதும் அவர்களே, நாணயச்சாலையும் அவர்களுடையதாயிற்று. பிள்ளையின் சாமர்த்தியமெல்லாம் இவ்வேலிக்குள்ளேதான் நடமாடியது.

பின்னர் வர்த்தகம் யுத்தமாக மாறிற்று. 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். நவாபுப் பதவிப் போட்டிகளில் இரு கும்பினிகளும் படையுடன் புகுந்தன. கிராமங்கள் சூறையாடப்பட்டன, முன்பணம் கொடுத்த ஊர்களிலிருந்து துணி வருவது அருமையாயிற்று. 1754-ல் தூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். 1756-ல் பிள்ளையும் பதவியை இழந்தார். ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருக்கையில், 1761 ஜனவரி 12-ல் அவர் காலமானார். நான்காம் நாள் நகரம் சரணடைந்தது. அதன் கோட்டையும் கட்டிடங்களும் தரைமட்டமாக்கப்பட்டன.

அவர் பெயரை நிலைநிறுத்தியது செல்வமன்று, 1736 செப்டம்பர் 6-ல் அவர் எழுதத் தொடங்கிய தமிழ் நாட்குறிப்பே. கப்பல் வரவும், சரக்கு விலையும், கவர்னரின் கோபமும், ஊர்ப்பேச்சும் அதில் அடங்கும். 1846-ல் கண்டெடுக்கப்பட்ட அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 பாகங்களாக வெளியிட்டது. ஐரோப்பியர் கணக்கிலிருந்து மட்டுமே அறியவேண்டிய காலத்தை நம்மவர் கண்கொண்டும் காணச் செய்தவர் பிள்ளை.

அவரைக் கும்பினியின் ஊழியரென்று இகழ்வது எளிது, அது நியாயமாகாது. தமக்கு வாய்த்த காலத்தில், தமக்குத் திறந்திருந்த வழியில் உழைத்தார். நாம் ஆராய வேண்டியது அந்த வழியையே. இன்று திருப்பூர் ஆடைகள் அந்நிய வியாபாரிகளின் பெயர் தாங்கிக் கடல் கடக்கின்றன. அளவும் தரமும் கெடுவும் வாங்குவோரால் விதிக்கப்படுகின்றன. நமது கையில் ஓட்டுரிமையும் சட்டமன்றமும் வங்கிகளும் உள்ளன. பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை. சொந்தப் பெயரில் சரக்கை விற்கவும், உள்நாட்டுச் சந்தையை விரிவாக்கவும், நெய்பவனுக்கும் தைப்பவளுக்கும் லாபத்தில் உரிய பங்கு கிடைக்கவும் இவற்றைப் பயன்படுத்துவோமா என்பதே நம் முன்னுள்ள கேள்வி. தொழிலதிபர்களும் தொழிலாளர் தலைவர்களும் இதற்கு ஒருங்கே விடைகாண முற்படுவார்களாக.