அடகுக்கடைக்கு நடந்தவர் பணநோட்டில் ஏறினார்!

2004-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜப்பானில் ஒரு புதிய ஐயாயிரம் யென் நோட்டு வெளிவந்தது. அதில் ஓர் இளம்பெண்ணின் முகம் அச்சாகி இருந்தது.

அவர் ராணி அல்ல. மந்திரியின் மனைவியும் அல்ல. கையில் காசு இல்லாமல், துணிமணியை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்கு நடந்த ஓர் ஏழைப் பெண். 24 வயதில் இறந்து போனவர். அதற்குள் ஜப்பானியப் பெண்களின் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி கதையாக எழுதி வைத்துவிட்டார்.

அவர் பெயர் ஹிகுச்சி இச்சியோ. ஹிகுச்சி என்பது குடும்பப் பெயர். இச்சியோ என்பது புனைபெயர். அதற்கு ஓர் இலை என்று பொருள். பெற்றோர் வைத்த பெயர் நாத்சு.

பள்ளிக்கூடம் நின்றது

நாத்சு 1872-ஆம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி டோக்கியோவில் பிறந்தார். தகப்பனார் குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். சொந்த ஊரை விட்டுத் தலைநகருக்கு வந்து, பாடுபட்டுப் பணம் சேர்த்தார். 1867-ல் 'சாமுராய்' என்னும் வீரர் குலத்தின் அந்தஸ்தை விலை கொடுத்து வாங்கினார். மறு ஆண்டே ஆட்சி மாறியது. சாமுராய்களின் பெருமை சில ஆண்டுகளில் மறைந்தது. அவர் நகர நிர்வாகத்தில் ஒரு சிறிய உத்தியோகம் பார்த்துக் குடும்பத்தை நடத்தினார்.

நாத்சுவுக்குப் படிப்பென்றால் உயிர். வகுப்பில் அவர்தான் முதல் மாணவி. ஆனால் 11 வயதில் படிப்பு நின்றது. ஏன் தெரியுமா? பெண் பிள்ளைக்கு அதிகப் படிப்பு ஆகாது, தையலும் வீட்டு வேலையும் தெரிந்தால் போதும் என்று தாயார் நினைத்தார். தகப்பனாருக்கு இதில் இஷ்டம் இல்லை. என்றாலும் தாயார் சொன்னதே நடந்தது. அந்தத் துக்கத்தை நாத்சு பல ஆண்டுகள் கழித்தும் தம் நாட்குறிப்பில் எழுதி இருக்கிறார்.

14 வயதில் தகப்பனார் அவரை ஒரு கவிதைப் பாடசாலையில் சேர்த்தார். அங்கே படித்தவர்களில் பலர் சீமான் வீட்டுப் பெண்கள். 1887-ல் நடந்த புத்தாண்டுக் கூட்டத்துக்கு மற்றப் பெண்கள் பட்டாடை உடுத்தி வந்தார்கள். நாத்சு பழைய உடையோடு போனார். கவிதைப் போட்டியில் முதலிடம் அவருக்குத்தான் கிடைத்தது!

17 வயதில் குடும்பப் பாரம்

அதே ஆண்டு மூத்த தமையனார் காசநோயால் இறந்தார். தகப்பனார் வியாபாரத்தில் இறங்கி நஷ்டப்பட்டார். கடனை வைத்துவிட்டு 1889-ல் கண்ணை மூடினார். இன்னொரு தமையனார் முன்பே பிரிந்து போயிருந்தார். நாத்சுவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையும் விலகிக்கொண்டார்.

பெண்ணானவள் பிறந்த வீட்டில் தகப்பனுக்கும், புகுந்த வீட்டில் கணவனுக்கும், முதுமையில் மகனுக்கும் அடங்கி நடக்க வேண்டும் என்பது அந்நாளில் ஜப்பானில் சொல்லப்பட்ட நீதி. நாத்சுவுக்கோ மூவரில் ஒருவரும் இல்லை. தாயாரையும் தங்கை குனிகோவையும் அவரே காப்பாற்ற வேண்டியதாயிற்று. மூன்று பெண்களும் கூலிக்குத் துணி தைத்தார்கள், துணி வெளுத்தார்கள். அது போதாதபோது அடகுக்கடைக்குப் போனார்கள்.

கவிதைப் பாடசாலையில் கூடப் படித்த ஒரு பெண் நாவல் எழுதி 33 யென் சன்மானம் பெற்றிருந்தார். நாமும் எழுதினால் என்ன என்று நாத்சு நினைத்தார். 1891-ல் நாகாராய் தோசுய் என்ற பத்திரிகை நாவலாசிரியரிடம் போய்க் கதை எழுதக் கற்றார். மறு ஆண்டு முதல் கதை அச்சில் வந்தது.

தோசுய் மனைவியை இழந்தவர். கல்யாணமாகாத பெண் அவர் வீட்டுக்குப் போய் வருவதைப் பற்றி ஊரார் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நாத்சுவின் மனம் அவரை நாடியது உண்மை. ஆனாலும் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து, அங்கே போவதை 1892-ல் அவரே நிறுத்திக்கொண்டார்.

கடை வைத்த இடம்

எழுத்து சோறு போடவில்லை. 1893-ல் ஒரு சின்னஞ்சிறு கடை வைத்தார். மிட்டாய், விளையாட்டுச் சாமான், வீட்டுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள் விற்றார். கடை இருந்த இடம் யோஷிவாராவுக்குப் பக்கம்.

யோஷிவாரா என்பது அரசாங்க அனுமதியோடு நடந்த தாசிகளின் பேட்டை. சுற்றிலும் அகழி. ஏழைப் பெற்றோர் கடனுக்காகத் தங்கள் பெண்களை அங்கே விற்றார்கள். பேட்டைக்கு வெளியே இருந்த தெருக்களின் பிழைப்பும் அதை நம்பியே நடந்தது. அந்தத் தெருப் பிள்ளைகள்தான் நாத்சுவின் கடைக்கு மிட்டாய் வாங்க வந்தார்கள்.

பத்தே மாதத்தில் கடையை மூட நேர்ந்தது. பணம் போயிற்று. ஆனால் ஒரு கதை கிடைத்தது!

மிதோரியின் கதை

அந்தக் கதைதான் 'தாக்கேகுராபே'. பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று யார் உயரம் என்று பார்ப்பதை இப்பெயர் குறிக்கும். 1895 ஜனவரி முதல் ஓராண்டு காலம் ஒரு பத்திரிகையில் விட்டு விட்டு வெளிவந்தது.

மிதோரி 14 வயதுச் சிறுமி. துடுக்குக்காரி. அவள் அக்காள் யோஷிவாராவில் பேர் பெற்ற தாசி. அதனால் மிதோரியின் கையில் காசு புரளும். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் ராணி.

அதே ஊரில் கோயில் குருக்களின் மகன் நொபுயுகி இருக்கிறான். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை. ஆனால் பேசுவதில்லை. ஒருநாள் மழையில் மிதோரி வீட்டு வாசலில் அவன் செருப்பு வார் அறுந்துவிடுகிறது. அவள் ஒரு சிவப்புத் துணித் துண்டைக் கதவின் இடுக்கு வழியே எறிகிறாள். அவன் வெட்கத்தால் அதை எடுக்கவில்லை. துணி மழையில் நனைந்து கிடக்கிறது.

பிறகு ஒரு திருவிழா நாளில் மிதோரிக்குப் பெரிய பெண்களைப் போலக் கொண்டை போட்டுவிடுகிறார்கள். அன்றோடு அவள் விளையாட்டு முடிந்தது. யாரோடும் பேசாமல் தலை குனிந்து உட்காருகிறாள். அவள் இனி அக்காளின் வழியில் போக வேண்டியவள். நொபுயுகி துறவியாகப் படிக்கப் போகிறான். ஒருநாள் காலையில் யாரோ ஒரு காகிதப் பூவை அவள் வீட்டுக் கதவில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். கதை அத்துடன் முடிகிறது.

இந்தக் கதையில் கொடியவன் என்று ஒருவனும் இல்லை. ஆனால் எல்லாரும் சேர்ந்து, இதுதான் உன் இடம் என்று அவளை உட்கார வைத்துவிடுகிறார்கள். 11 வயதில் புத்தகத்தைப் பறிகொடுத்த பெண்ணுக்கு இந்தத் துயரம் புரியாதா?

அதே 1895-ல் எழுதிய 'பதின்மூன்றாம் இரவு' என்ற கதையும் இதே போன்றது. கணவனின் கொடுமை தாங்காமல் ஒரு பெண் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அவள் பிள்ளையையும் தம்பியின் உத்தியோகத்தையும் எண்ணி, தகப்பனாரே அவளைத் திருப்பி அனுப்புகிறார்.

புகழும் மரணமும்

1896-ல் 'தாக்கேகுராபே' முழுவதும் ஒரே இதழில் வந்தது. மோரி ஓகாய் போன்ற பெரிய எழுத்தாளர்கள் மனம் திறந்து பாராட்டினார்கள். ஆனால் தமையனாரைக் கொன்ற காசநோய் இச்சியோவையும் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பர் 23-ந் தேதி அவர் காலமானார். தங்கை குனிகோ அவர் எழுதிய காகிதங்களைப் பத்திரமாகக் காப்பாற்றினார். 1912-ல் நாட்குறிப்பும் அச்சில் வந்தது.

2024 ஜூலையில் ஐயாயிரம் யென் நோட்டு மாறியது. இச்சியோ இருந்த இடத்துக்கு இப்போது வந்திருப்பவரும் ஒரு பெண்தான். அவர் சுதா உமேகோ. 1900-ல் பெண்களுக்காக ஒரு கல்லூரியைத் தொடங்கியவர்.

பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட பெண் எழுந்து, பள்ளிக்கூடம் கட்டிய பெண்ணுக்கு இடம் கொடுத்திருக்கிறார்!