கல்கி (எழுத்தாளர்)

கல்கி என்ற புனைபெயரால் பரவலாக அறியப்பட்ட ரா. கிருஷ்ணமூர்த்தி (செப்டம்பர் 9, 1899 – டிசம்பர் 5, 1954) புகழ்பெற்ற தமிழ் எழுத்தாளரும், இதழாசிரியரும், விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். சிறுகதை, புதினம், கட்டுரை, பயண நூல், கலை விமர்சனம் எனப் பல துறைகளில் எழுதியவர். வார இதழ்களில் இவர் எழுதிய தொடர்கதைகள் தமிழில் பெரியதொரு வாசகர் கூட்டத்தை உருவாக்கின. பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் ஆகிய மூன்று வரலாற்றுப் புதினங்களும் இவரது படைப்புகளில் அதிகம் படிக்கப்படுபவை.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணமூர்த்தி அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் மணல்மேடு அருகிலுள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் தற்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. தந்தை ராமசாமி ஐயர் கிராமக் கணக்கராகப் பணியாற்றியவர். தாயார் தையல்நாயகி. தொடக்கக் கல்வியை ஊரிலேயே கற்ற கிருஷ்ணமூர்த்தி, பின்னர் மாயவரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார்.

1921 ஆம் ஆண்டு காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்று, பள்ளி இறுதித் தேர்வை எழுதாமலேயே படிப்பைக் கைவிட்டார். எளிய குடும்பத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவருக்கு அத்தேர்வு அரசுப் பணிக்கான வாயிலாக இருந்த காலம் அது. 1922 இல் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டதற்காக ஓராண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

இதழியல் பணியின் தொடக்கம்

சிறையிலிருந்து வெளிவந்தபின், 1923 இல் திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய நவசக்தி இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். 1924 இல் ருக்மிணியை மணந்தார். காந்தியடிகளின் தன்வரலாற்றைத் தமிழில் மொழிபெயர்த்ததும் இவரது தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. இவரது முதல் சிறுகதைத் தொகுப்பான சாரதையின் தந்திரம் 1927 இல் ராஜாஜியின் முன்னுரையுடன் வெளியானது.

கல்கி என்ற புனைபெயருக்கு இருவகை விளக்கங்கள் வழங்குகின்றன. கலியாணசுந்தரனார், கிருஷ்ணமூர்த்தி ஆகிய இரு பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைந்தது என்பது ஒன்று. பழையவற்றை அழித்துப் புதியதைப் படைக்கும் கல்கி அவதாரத்தைக் குறிப்பது என்பது மற்றொன்று. கர்நாடகம், ரா. கி., தமிழ்த்தேனீ ஆகிய பெயர்களிலும் இவர் எழுதியுள்ளார். கர்நாடகம் என்ற பெயரில் எழுதிய இசை, நாட்டிய விமர்சனங்கள் தனிப் புகழ் பெற்றவை.

திருச்செங்கோடு காந்தி ஆசிரமம்

1928 இல் நவசக்தியை விட்டு விலகிய கிருஷ்ணமூர்த்தி, ராஜாஜியின் அழைப்பின்பேரில் கொங்கு நாட்டின் கிழக்குப் பகுதியான திருச்செங்கோட்டுக்குச் சென்றார். திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் 1925 இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவியிருந்தார். அப்பகுதி அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. தற்போது நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. கதர் உற்பத்தி, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரசாரம் ஆகியன ஆசிரமத்தின் முக்கியப் பணிகள்.

மதுவிலக்குக்காகவே ராஜாஜி ஆசிரமத்திலிருந்து விமோசனம் என்ற இதழை 1929 இல் தொடங்கினார். அதன் ஆசிரியர் பணியில் கிருஷ்ணமூர்த்தி அவருக்குத் துணைநின்றார். இவ்விதழின் நோக்கம் கள்ளுக்கடைக்குச் செல்லும் உழைப்பாளியையும் அவரது குடும்பத்தையும் எட்டுவது. வறட்சி மிகுந்த மானாவாரிச் சிற்றூர்களில் எழுத்தறிந்தோர் சிலரே. ஒருவர் படிக்கப் பலர் கேட்பதே வழக்கம். எனவே அறிவுரைகளைக் காட்டிலும் கதைகளுக்கும் படங்களுக்கும் விமோசனத்தில் முக்கியத்துவம் தரப்பட்டது. பத்து இதழ்களுடன் விமோசனம் நின்றுபோனது.

எனினும் காதால் கேட்டாலும் விளங்கும்படியான குறுகிய சொற்றொடர், பேச்சு வழக்குக்கு அருகில் நிற்கும் நடை, கேட்பவரைக் கைவிடாத கதையோட்டம் ஆகிய இயல்புகளை இவரது பிற்காலத் தொடர்கதைகளிலும் காணலாம். இதழ் வலியுறுத்திய மதுவிலக்கு, ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலாகச் சேலம் மாவட்டத்திலேயே நடைமுறைக்கு வந்தது. 1930 இல் கிருஷ்ணமூர்த்தி மீண்டும் சிறை சென்றார்.

கொங்கு வட்டாரத்துடனான இத்தொடர்பு பொய்மான் கரடு என்னும் குறுநாவலிலும் வெளிப்படுகிறது. சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில் உள்ள ஒரு குன்றின் பெயர் பொய்மான் கரடு. குறிப்பிட்ட இடத்திலிருந்து பார்த்தால் குன்றின் குகையில் மான் ஒன்று நிற்பது போன்ற தோற்றம் தெரியும். அருகில் சென்றால் மான் இராது. இந்தப் பொய்த்தோற்றத்தைப் பின்னணியாகக் கொண்டு, செங்கோடன் என்ற இளம் கொங்கு உழவர் நகரத்திலிருந்து வந்தவர்களின் வஞ்சக வலையில் சிக்குவதைக் கதை சொல்கிறது. கல்கியின் மர்மக் கதைகளுள் இது குறிப்பிடத்தக்கது. 1954 இல் டி. ஆர். ராமச்சந்திரன் நடிப்பில் பொன்வயல் என்ற பெயரில் திரைப்படமாக வெளிவந்தது.

ஆனந்த விகடன்

1931 இல் எஸ். எஸ். வாசன் நடத்திய ஆனந்த விகடன் இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். நகைச்சுவைக் கட்டுரைகள், அரசியல் தலையங்கங்கள், சிறுகதைகள் எனத் தொடர்ந்து எழுதினார். 1937 இல் விகடனில் வெளிவந்த கள்வனின் காதலி இவருக்குப் பெரும் புகழைத் தேடித்தந்தது. கொள்ளிடக் கரையைக் களமாகக் கொண்ட இப்புதினத்தில், சூழ்நிலையால் கள்வனாகும் முத்தையன் காவலர்களிடமிருந்து தப்பி வாழ்வதும், கல்யாணியுடனான அவனது காதலும் விவரிக்கப்படுகின்றன.

இதற்கு முன்பே ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் புதினங்கள் தமிழில் பெருமளவில் விற்பனையாகின. அவற்றுள் பல ஆங்கிலக் கதைகளைத் தழுவியவை. கல்கி அப்புதினங்களின் விறுவிறுப்பைத் தக்கவைத்துக்கொண்டு, கதைக் களத்தையும் மாந்தரையும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் எடுத்துக்கொண்டார். குற்றவாளியைக் கண்டுபிடிப்பதைவிட, அவன் ஏன் குற்றவாளியானான் என்பதை வாசகர் எண்ணிப்பார்க்கும்படி எழுதினார்.

அடுத்து எழுதிய தியாக பூமி, கே. சுப்பிரமணியம் இயக்கிய திரைப்படத்தின் நிழற்படங்களுடன் விகடனில் தொடராக வெளிவந்தது. 1939 இல் திரையிடப்பட்ட இப்படத்தை, அதன் தேசிய இயக்கச் சார்பின் காரணமாக, ஆங்கில அரசு பின்னர் தடை செய்தது.

கல்கி இதழ்

தனிநபர் சத்தியாக்கிரகத்தில் பங்கேற்பதற்காக ஆனந்த விகடனிலிருந்து விலகிய கிருஷ்ணமூர்த்தி மூன்று மாதம் சிறையில் இருந்தார். தமிழின் முன்னணி வார இதழ் ஒன்றின் ஆசிரியர் பதவியை இதற்காக அவர் இழந்தார். விடுதலையான பின், நண்பர் டி. சதாசிவத்துடன் இணைந்து 1941 ஆகஸ்டில் கல்கி வார இதழைத் தொடங்கினார். இதற்கான முதலீட்டைத் திரட்டவே சதாசிவத்தின் மனைவியும் இசைக்கலைஞருமான எம். எஸ். சுப்புலட்சுமி, சாவித்திரி (1941) திரைப்படத்தில் நாரதர் வேடத்தில் நடித்தார்.

புதிய இதழை நிலைநிறுத்த வேண்டிய கட்டாயத்தில் இருந்த கல்கி, அதே ஆண்டில் பல்லவர் கால வரலாற்றுப் பின்னணியில் பார்த்திபன் கனவு தொடரைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து சிவகாமியின் சபதம் 1944 முதல் 1946 வரை வெளிவந்தது. மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாருடன் அமர்ந்திருந்தபோது இக்கதைக்கான கரு மனத்தில் தோன்றியதாகக் கல்கி நூலின் முன்னுரையில் குறிப்பிட்டுள்ளார். விடுதலைப் போராட்டக் காலத்தைப் பின்னணியாகக் கொண்ட அலை ஓசை 1948-49 இல் வெளியானது.

பொன்னியின் செல்வன்

1950 அக்டோபர் இறுதியில் தொடங்கிய பொன்னியின் செல்வன் 1954 வரை தொடராக வந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்களைக் கொண்டது. ஓவியர் மணியம் வரைந்த படங்கள் கதைமாந்தருக்கு நிலையான முகங்களை அளித்தன. கல்கி இதழின் விற்பனை 71,366 பிரதிகளை எட்டியதாகக் குறிப்பிடப்படுகிறது. இதழ் வீட்டுக்கு வரும் நாளில் யார் முதலில் படிப்பது என்ற போட்டி குடும்பங்களில் நிலவியது. வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து நூலாகப் பாதுகாப்பதும் வழக்கமாயிற்று. குந்தவை, வானதி, அருள்மொழி முதலிய பெயர்கள் குழந்தைகளுக்குச் சூட்டப்பட்டன.

இப்புதினத்தின் மையத்தில் உள்ளது உண்மையில் நிகழ்ந்த ஒரு கொலை. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் பத்தாம் நூற்றாண்டில் கொல்லப்பட்டான். காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, கொலையில் தொடர்புடைய சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைத் தருகிறது. அவர்களது சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டது குறித்த இக்கல்வெட்டு முதலாம் இராசராசனின் 2 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இடையில் ஆட்சி புரிந்த உத்தம சோழனின் காலத்தில் குற்றவாளிகள் ஏன் தண்டிக்கப்படவில்லை என்ற கேள்வியில் வரலாற்றாய்வாளர்கள் வேறுபடுகின்றனர். கே. ஏ. நீலகண்ட சாத்திரி உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார்.

கல்கி இந்த விடைகாணா நிலையையே கதையின் ஆற்றலாக மாற்றினார். தஞ்சை அரசியலை அறியாத வந்தியத்தேவன் ஓலையுடன் சோழ நாட்டுக்குள் நுழைகிறான். அவன் அறிவதை மட்டுமே வாசகரும் அறிகிறார். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் நடைபெறும் இரகசியக் கூட்டத்தை அவனுடன் சேர்ந்து ஒளிந்து நின்றே வாசகரும் கேட்கிறார். கொலை நடக்கும் அத்தியாயத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது. பின்னர் ஒருவருக்கு மேற்பட்டோர் தாமே கொன்றதாகக் கருதிப் பழியை ஏற்க முன்வருகின்றனர். கொன்றவர் யார் என்பதை ஆசிரியர் ஐயமறக் கூறவில்லை. அரியணையை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுக்கும் அருள்மொழிவர்மனின் செயல், திருவாலங்காட்டுச் செப்பேடு தரும் செய்தியை அடிப்படையாகக் கொண்டது. வந்தியத்தேவனும் குந்தவையும் கல்வெட்டுகளில் இடம்பெற்றவர்கள். நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி ஆகியோர் கற்பனை மாந்தர்கள்.

தொடர் முடிந்ததும், கதை திடீரென முடிந்துவிட்டதாகவும் பல கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லை என்றும் வாசகர்கள் குறைபட்டனர். இதன் விளைவாகக் கல்கி ஒரு முடிவுரை எழுதி, கதைமாந்தர்களின் பிற்கால வாழ்க்கை குறித்து விளக்கமளித்தார். ஆதித்த கரிகாலனின் கொலை குறித்த விவாதம் மட்டும் வாசகர்களிடையே முடிவடையவில்லை.

பிற பணிகள்

எட்டயபுரத்தில் பாரதியாருக்கு நினைவு மண்டபம் எழுப்பக் கல்கி இதழ் வாயிலாக நிதி திரட்டினார். வாசகர்கள் அனுப்பிய சிறுதொகைகளும் இதில் அடங்கும். மண்டபம் 1947 அக்டோபரில் திறக்கப்பட்டது. தமிழிசை இயக்கத்துக்கு ஆதரவாகத் தொடர்ந்து எழுதினார். எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த மீரா (1945) திரைப்படத்துக்கு உரையாடலும் பாடல்களும் எழுதினார்.

விமர்சனங்கள்

கல்கியின் எழுத்து மணிக்கொடி இதழைச் சார்ந்த எழுத்தாளர்களின் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. புதுமைப்பித்தன், க. நா. சுப்ரமண்யம் ஆகியோர் இவரது படைப்புகளின் இலக்கியத் தரம் குறித்துக் கேள்வி எழுப்பினர். மேனாட்டுக் கதைகளின் சாயல், மிகையான தற்செயல் நிகழ்வுகள், வார இதழின் தேவைக்காக நீட்டப்படும் கதை ஆகியன குறைகளாகக் கூறப்பட்டன. அலெக்சாண்டர் டூமா, வால்டர் ஸ்காட் ஆகியோரின் தாக்கத்தை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இக்குறைகளில் உண்மை உண்டெனினும், புதினம் படிக்கும் பழக்கத்தைப் பல்லாயிரம் குடும்பங்களில் வேரூன்றச் செய்ததில் கல்கிக்குப் பெரும் பங்குண்டு. பாடநூல் வழியாகச் சோழரையும் பல்லவரையும் அறிந்தவர்களைவிட, இவரது கதைகள் வழியாக அறிந்தவர்கள் அதிகம் எனலாம். இதனாலேயே கற்பனையையும் வரலாற்றையும் பிரித்தறிந்து படிக்கும் தேவையும் இவரது நூல்களுக்கு உண்டு.

மறைவும் நினைவும்

கல்கி 1954 டிசம்பர் 5 அன்று தமது 55 ஆம் வயதில் சென்னையில் காலமானார். அப்போது எழுதிக்கொண்டிருந்த அமரதாரா புதினத்தை, அவரது குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி நிறைவு செய்தார். அலை ஓசை புதினத்துக்கு 1956 இல் சாகித்திய அகாதமி விருது வழங்கப்பட்டது. நூற்றாண்டு விழாவையொட்டி 1999 இல் இவரது நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. இந்திய அஞ்சல் துறை அதே ஆண்டில் நினைவு அஞ்சல் தலை வெளியிட்டது.

நாட்டுடைமையான பின் பல பதிப்பகங்கள் இவரது நூல்களைக் குறைந்த விலையில் வெளியிட்டன. தன்னார்வலர்களின் உழைப்பால் இணையத்திலும் அவை கிடைக்கின்றன. எம். ஜி. ராமச்சந்திரன் பொன்னியின் செல்வனைத் திரைப்படமாக்க எடுத்த முயற்சி நிறைவேறவில்லை. மணிரத்னம் இயக்கத்தில் இரு பாகங்களாக 2022, 2023 ஆண்டுகளில் திரைப்படம் வெளிவந்தது. கல்கி நிறுவிய வார இதழ் 2020 இல் அச்சுப் பதிப்பை நிறுத்தி இணைய வடிவத்துக்கு மாறியது. ஆனால் அதில் வெளிவந்த தொடர்கதைகள் நூல் வடிவில் இடைவிடாது மறுபதிப்புப் பெற்று வருகின்றன.

முக்கியப் புதினங்கள்

கள்வனின் காதலி
தியாக பூமி
பார்த்திபன் கனவு
சிவகாமியின் சபதம்
சோலைமலை இளவரசி
அலை ஓசை
பொய்மான் கரடு
பொன்னியின் செல்வன்
அமரதாரா