அந்தக் காலத்திலேயே ஒரு லட்சம் சம்பளம்... யார் இந்த கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள்?

ஔவையார்னு சொன்னதும் கையில் கோலும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒரு பாட்டி முகம் நினைவுக்கு வருது இல்லையா? அந்த முகம் கே.பி.சுந்தராம்பாளுடையது. கே.பி.எஸ். என்றால் தமிழ்நாட்டுக்கே தெரியும். பெயரில் உள்ள 'கே', ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடி.

1908-ல் பிறந்தவர். வீட்டில் கடும் வறுமை. சின்ன வயசிலேயே ரயிலில் பாடிக் காசு வாங்கும் நிலைமை. அந்தக் குரலைக் கேட்டவர்கள் மூலமாகத்தான் நாடகக் கம்பெனிக்குப் போனார். வேலு நாயர் கம்பெனியில் முதலில் கிடைத்தது ஆண் பிள்ளை வேஷம்.

அப்போது நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்கணும். அதில் தேறியவர் சுந்தராம்பாள். அவருக்கு ஈடுகொடுத்துப் பாடக்கூடியவராக வந்தவர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா.

இருவரும் 1926-ல் கொழும்பில் ஒரே மேடை ஏறினார்கள். அடுத்த வருஷமே கல்யாணம். அவர் முருகன், இவர் வள்ளி என்றால் கொட்டகை நிரம்பிவிடும். ஆனால் கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். மேடையில் இருந்த ஒற்றுமை வீட்டில் நிலைக்கவில்லை. பிரிவும் கசப்புமாகத்தான் போனது.

1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்று கட்டிய வெள்ளைப் புடவைதான். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

நாடகமே அவருக்குச் சோறு போட்ட தொழில். முன்னணி நடிகை ஒருவர் ஜோடி வேண்டாம் என்றால் பிழைப்பு என்னாகும்? மேடைக்கே வராமல் ஒதுங்கியிருந்தவரைத் திரும்ப அழைத்து வந்ததில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து சினிமா கூப்பிட்டது. தட்டிக்கழிக்கத்தான் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பார்கள். தயாரிப்பாளர் அசன்தாஸ் சம்மதித்துவிட்டார்! பவுன் 30 ரூபாயைத் தாண்டாத காலம் அது. 1935-ல் வந்த அந்தப் படம் 'நந்தனார்'. அவருக்கு நந்தனார் வேஷமே, அதாவது ஆண் வேஷம். நிபந்தனையும் மீறப்படவில்லை. (படத்தைப் பார்த்த கல்கி, பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்திருப்பதாகக் கிண்டலடித்தது தனிக்கதை.)

பிறகு 'மணிமேகலை'. 1953-ல் ஜெமினி வாசன் எடுத்த 'ஔவையார்'. துறவி, கிழவி, பக்தை என்று தன் நிபந்தனைக்குள் அடங்கும் வேஷங்களாகவே வந்தன, ஆனால் ஒவ்வொன்றிலும் படத்தைத் தாங்கியவர் அவர்தான். 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். தெய்வத்தைக் கேள்வி கேட்கும் ஒரு வரியை, முருக பக்தையான அவர் பாட மறுத்ததும், அதை மாற்றிய பிறகே பாடியதும் திரையுலகில் ரொம்ப காலம் பேசப்பட்டது. வசனம் கருணாநிதி என்பதையும் சேர்த்துப் பாருங்க.

காங்கிரஸ் மேடைகளில் பாடிய அவர், 1958-ல் காமராஜர் ஆட்சியில் சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். 'துணைவன்' படப் பாடலுக்காக 1969-ம் ஆண்டின் தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ.

1980-ல் காலமானார். கிட்டப்பா போய் 47 வருஷம் ஆகியிருந்தது. அதுவரை வெள்ளைப் புடவை மாறவே இல்ல.