தளபதி பேட்டனின் தந்தப் பிடி

அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் (1885–1945) என்றதும் என் நினைவுக்கு வருவது இரண்டாம் உலகப் போரின் கவச வாகனப் படை அல்ல. அவர் இடுப்பில் தொங்கிய சுழல் துப்பாக்கியே.

இளம் அதிகாரியாக இருந்தபோது அவரது தானியங்கிக் கைத்துப்பாக்கி ஒருநாள் தவறுதலாக வெடித்தது. அதன்மீது நம்பிக்கை இழந்தவர், 1916 மார்ச்சில், 1873-ஆம் ஆண்டு வடிவமைப்பான கோல்ட் துப்பாக்கிக்கு மாறினார். தந்தப் பிடியில் தம் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கச் செய்தார்.

அவ்வாண்டு மே 14-இல் மெக்சிகோவில் நடந்த மோதலில் தோட்டாக்கள் தீர்ந்தன. சண்டைக்கு நடுவே ஒவ்வொன்றாக நிரப்ப நேர்ந்தது. ஆயினும் அதைக் கைவிடவில்லை. 1935-இல் இரண்டாவது சுழல் துப்பாக்கி ஒன்றையும் வாங்கிக்கொண்டார்.

நண்பர்களே, பழையதைத் தேர்ந்தெடுப்பது பிற்போக்கன்று என்பேன். அதன் குறையை அறிந்தும் ஈடுசெய்யாமல் இருப்பதே பிற்போக்கு.