பரோடா மகாராணி சீதாதேவியார்

பத்தாம் வகுப்பு மாணவி

நம் ஓசூருக்கும் பிரான்ஸ் நாட்டிற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். 1980களில் இங்கே கைக்கடிகாரத் தொழிற்சாலை அமைந்தபோது, அதற்குத் தொழில்நுட்பம் தந்த நிறுவனங்களில் ஒன்று பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்தது. அடுத்த பத்தாண்டில் நகைத் தொழிற்சாலையும் வந்தது. இத்தகைய நகைப் பட்டறை ஒன்றில் கல் பதிக்கும் பிரிவில் என் அத்தை பணிபுரிகிறார். நாம் அணியும் தங்கம் 22 காரட். வைரமும் மரகதமும் பதிப்பதற்கோ சற்றுக் கடினமான 18 காரட் தங்கமே ஏற்றது. பிரெஞ்சுக்காரர்கள் நெடுங்காலமாக அதையே கையாளுகிறார்கள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பிரெஞ்சு நகைக்காரர்களையே தம் வாசலில் காத்திருக்க வைத்த பெண்மணி ஒருவர் சென்னையில் பிறந்தவர் என்றும் அத்தை சொன்னார். அவரைப் பற்றி அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

சீதாதேவியார் 1917ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் சென்னை மாநகரில் பிறந்தார். தந்தையார் கோதாவரிப் பகுதியிலுள்ள பிட்டாபுரத்தின் மகாராஜா சூரியராவ். அவர் பெயரால் வெளிவந்த பெரிய தெலுங்கு அகராதி இன்றும் அறிஞர்களால் போற்றப்படுகிறது. நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில் பேசப்படும் தெலுங்குதான் சீதாதேவியாருக்கும் தாய்மொழி. இளம் வயதிலேயே வுய்யூர் ஜமீன்தாருக்கு மணமுடிக்கப்பட்டு மூன்று குழந்தைகளுக்குத் தாயானார்.

1943ஆம் ஆண்டு சென்னைக் குதிரைப் பந்தயத்தில் பரோடா மகாராஜா பிரதாப் சிங் கெய்க்வாடைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. முதல் திருமணத்திலிருந்து விடுபட அன்றிருந்த சட்டத்தில் வேறு வழி இல்லாமையால், அவர் இஸ்லாமியராக மதம் மாறினார். மணம் ரத்தானதும் மீண்டும் இந்துவாகி, அதே ஆண்டில் மகாராஜாவை மணந்தார். மகாராஜாவுக்கோ ஏற்கெனவே மனைவியும் எட்டுக் குழந்தைகளும் இருந்தனர். இருதார மணத்தைத் தடை செய்த சட்டம் பரோடாவிலேயே இருந்ததால் நாடெங்கும் இது பேச்சாயிற்று. ஆங்கில அரசு கடைசிவரை அவருக்கு மகாராணிக்குரிய மரியாதைப் பட்டத்தை வழங்க மறுத்தது. இந்தப் பகுதியை எப்படி எழுதுவது என்று நான் வெகுநேரம் யோசித்தேன். ஒரு வாழ்க்கையை எழுத எடுத்துக்கொண்டு அதில் பாதியை மறைப்பது சரியல்ல என்று தோன்றியதால் நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கிறேன்.

பரோடாவின் கருவூலத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பிரேசில் நாட்டுச் சுரங்கத்தில் 1853ஆம் ஆண்டு ஓர் அடிமைப் பெண்ணின் கையில் கிடைத்த ‘தென்திசை விண்மீன்’ என்னும் வைரம், பட்டை தீட்டிய பின் 128 காரட் எடையுடன், அங்கே இருந்தது. ஏழு சரம் கொண்ட முத்துமாலை இருந்தது. மகாராஜா காண்டேராவ் 1865ஆம் ஆண்டை ஒட்டிச் செய்வித்த விரிப்பு ஒன்றில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு முத்துக்கள் கோக்கப்பட்டிருந்தன. இதே கருவூலத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பிரதாப் சிங்கின் பாட்டனார் மூன்றாம் சாயாஜிராவ், 1906ஆம் ஆண்டு தம் சமஸ்தானம் முழுவதும் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தார். 1913இல் டாக்டர் அம்பேத்கர் அமெரிக்கா சென்று படிக்க உதவித்தொகை கொடுத்தவரும் அவரே. ஒரே பெட்டியிலிருந்துதான் பள்ளிக்கூடமும் வந்தது, முத்து விரிப்பும் வந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சீதாதேவியார் மகாராஜாவுடன் ஐரோப்பா சென்று, மொனாக்கோ என்னும் சிறு நாட்டில் மாளிகை வாங்கிக் குடியேறினார். கருவூலத்தின் புகழ்பெற்ற அணிகள் பலவும் அவரோடு கடல் கடந்தன. பாரிஸில் வான்டோம் சதுக்கத்தில் 22ஆம் எண் கட்டடத்தில் 1906 முதல் கடை நடத்தும் வான் கிளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ் நிறுவனத்திற்கு அவர் முதன்மையான வாடிக்கையாளரானார். பொதுவாக நகை வாங்குவோர் கடையிலிருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். இவரோ கற்களைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்து, இப்படிச் செய்து தாருங்கள் என்று கேட்பவர். 1950ஆம் ஆண்டு உருவான கழுத்தாரம் அவ்வாறு பிறந்ததுதான். தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டு மரகதங்கள் பதின்மூன்று, சுற்றிலும் வைரங்கள், தாமரை மலரின் வடிவம். கல் பரோடாவினுடையது, வடிவம் நம் நாட்டினுடையது, கைத்திறன் மட்டும் பாரிஸினுடையது!

அந்தக் கைத்திறனையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. அதே நிறுவனத்தார் 1933இல் காப்புரிமை பெற்ற முறை ஒன்று உண்டு. கல்லைப் பிடித்திருக்கும் உலோக முனைகள் வெளியே தெரியவே தெரியாது. ஒவ்வொரு கல்லின் அடியிலும் பள்ளம் வெட்டி, மெல்லிய தங்கக் கம்பித் தடத்தில் ரயில் பெட்டிகளைப் போல் வரிசையாக நகர்த்தி நிறுத்துவார்கள். இதைச் சொன்னபோது அத்தை வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு கல் உடைந்தால் அன்றைய வேலையே போயிற்று என்று பிறகு சொன்னார். உடை மாட்டும் ஜிப்பைப் போலவே திறந்து மூடும் கழுத்தணியையும் அவர்கள் 1950ஐ ஒட்டிச் செய்தனர்; திறந்தால் கழுத்துக்கு, மூடினால் கைக்கு வளையல். இத்தகைய பழைய பிரெஞ்சு நகைகளை இன்று தேடிச் சேகரிப்போர் முதலில் பூதக்கண்ணாடியால் பார்ப்பது கல்லை அல்ல, முத்திரையை. 18 காரட் தங்கத்துக்குக் கழுகுத்தலை முத்திரை. செய்தவரின் அடையாளம் சாய்சதுரக் கட்டத்துக்குள் இருக்கும்.

இதற்கிடையில் தாய்நாட்டில் காலம் மாறியது. 1949ஆம் ஆண்டு மே முதல் நாள் பரோடா, பம்பாய் மாகாணத்துடன் இணைந்தது. அரசுப் பணத்திலிருந்து மகாராஜா கடனாக எடுத்த பெருந்தொகையும், இருப்பிடம் தெரியாத நகைகளும் விசாரணைக்கு வந்தன. 1951இல் இந்திய அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கி, மூத்த மகனை அந்த இடத்தில் அமர்த்தியது. அரசருக்கு உரியது எது, மக்களுக்கு உரியது எது என்ற கணக்கு முழுமையாகத் தீரவே இல்லை. 1956இல் சீதாதேவியாரும் மகாராஜாவும் மணவிலக்குப் பெற்றனர்.

1957ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நடந்த நடன விருந்தில் ஒரு நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்வார்கள். ஆங்கில மன்னர் எட்டாம் எட்வர்டு 1936இல் யாருக்காக அரியணையைத் துறந்தாரோ, அந்த வின்சர் கோமகள் மரகதமும் வைரமும் பதித்த ஓர் ஆரத்தை அணிந்து வந்திருந்தார். எல்லோரும் அதைப் புகழ்ந்தபோது, அந்தக் கற்கள் முன்பு தம் கால்களில் கிடந்தவை என்று சீதாதேவியார் கூறினாராம்! அவர் சொன்னது உண்மையே. 1953இல் அவர் தம் காற்சலங்கைகளை அமெரிக்க நகை வணிகர் ஹாரி வின்ஸ்டனுக்கு விற்றிருந்தார். அவற்றைப் பிரித்துத்தான் அந்த ஆரம் செய்யப்பட்டது. அவமானம் தாங்காமல் கோமகள் ஆரத்தைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதைப் படிப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தியின் திருமணத்திற்காக என் பாட்டி தம் அட்டிகையை உருக்கக் கொடுத்தார். இப்போது சித்தியின் கழுத்திலிருக்கும் சங்கிலியைப் பார்க்கும்போதெல்லாம் பாட்டி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். சீதாதேவியார் அன்று சொன்னது கர்வத்தினால் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பின்னாளில் செல்வம் கரைந்தது. 1974இல் மொனாக்கோவில் தம் நகைகளைப் பெயர் வெளியிடாமல் ஏலத்திற்கு விட்டார். பரோடா மகாராஜாவுக்கும் அவருக்கும் 1945இல் பிறந்த ஒரே மகன் 1985ஆம் ஆண்டு நாற்பது வயதில் இறந்தான். நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1989இல் சீதாதேவியார் பாரிஸில் காலமானார்.

நகைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முத்து விரிப்பு 2009இல் தோஹா நகர ஏலத்தில் 54 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. கத்தார் தேசிய அருங்காட்சியகத்தில் அதை இப்போது யாரும் பார்க்கலாம். ஏழு சர முத்துமாலையிலிருந்து தேர்ந்தெடுத்த 68 முத்துக்களை இரண்டு சரமாகக் கோத்து, 2007இல் நியூயார்க்கில் ஏலம் விட்டபோது கிடைத்தது சுமார் 71 லட்சம் டாலர். ஏழு சரமும் முழுமையாக இருந்ததைக் காண வேண்டுமானால் இனிப் பழைய புகைப்படங்களில்தான் காண முடியும். அவற்றுள் ஒன்றை அத்தை எனக்குக் காட்டினார். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; அத்தை முத்துக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.