பனியில் வழி கண்ட தந்தை

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்திலுள்ள வால்கூர் என்னும் சிற்றூரில் 1907ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. தந்தை அவரைக் குருவானவராக்க விரும்பிக் குருமடப் பள்ளிக்கு அனுப்பினார். ஆனால் சிறுவனின் மனமோ இயந்திரங்களையே நாடியது. 1922ஆம் ஆண்டு, நம்மைப் போலப் பதினைந்து வயதில், பழைய ஃபோர்டு கார் இஞ்சினைச் சறுக்கு வண்டியில் பொருத்திப் பனிமேல் ஓட்டிக் காட்டினார். அதன் சுழலும் விசிறியைக் கண்டு அஞ்சிய தந்தை, வண்டியைக் கழற்றிவிடச் சொன்னார்.

அக்காலத்தில் குளிர்காலம் வந்தால் கிராமச் சாலைகள் பனியில் புதைந்துவிடும். கார்கள் கொட்டகையில் முடங்கும். குதிரை பூட்டிய சறுக்கு வண்டியே கதி. வளர்ந்து பட்டறை நடத்திய பொம்பார்டியே, பனியில் ஓடும் வண்டிக்காக ஆண்டுக்கணக்கில் முயன்றார்.

1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் ஈவோன் குடல்வால் அழற்சியால் துடித்தான். மருத்துவமனை ஷெர்புரூக் நகரில் இருந்தது. சாலையோ பனியால் அடைபட்டிருந்தது. பட்டறையில் இருந்த வண்டியோ ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்தான்.

தந்தை துயரத்தில் ஓய்ந்துவிடவில்லை. ரப்பர் பூசிய பல்சக்கரத்தையும், அது சுழற்றும் அகன்ற பட்டையையும் அமைத்தார். சக்கரம் பனியில் புதையும்; பட்டையோ எடையைப் பரப்பி மேலேயே ஓடும். 1937இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் அமரும் அவ்வண்டியும், பின்னர் வந்த பன்னிருவர் வண்டியும் மருத்துவர்களையும் நோயாளிகளையும் தபாலையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தன.

1959இல் ‘ஸ்கி-டூ’ என்னும் சிறிய பனிவண்டியை உருவாக்கினார். அதன் முதல் வண்டிகளுள் ஒன்று, வட ஒண்டாரியோவில் பழங்குடி மக்களிடையே பணியாற்றிய அவருடைய நண்பர், மறைப்பணியாளர் மொரிஸ் உய்மே அடிகளாரிடம் சென்றது. அதுவரை நாய்கள் இழுக்கும் வண்டியே அங்கு துணை.

1964ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், 56ஆம் வயதில், புற்றுநோயால் பொம்பார்டியே காலமானார். நான்காண்டுகளுக்குப் பின், 1968இல், அமெரிக்கரான ரால்ஃப் பிளேஸ்டெட் தலைமையில் நால்வர் ஸ்கி-டூ வண்டிகளில் உறைந்த ஆர்க்டிக் கடலைக் கடந்தனர். பனிக்கட்டி மேடுகளில் வழி வெட்டியும், பிளந்த பனிக்கிடையே தெரிந்த நீரைச் சுற்றியும் 43 நாட்கள் சென்று வடதுருவத்தை அடைந்தனர். அந்நால்வருள் ஒருவர் பொம்பார்டியேயின் அண்ணன் தம்பி வழி மகனான ஜான்-லுக்.

துருவத்தை எட்டிய வெற்றி பெரிதுதான். ஆனால் தோழியரே, நடுக்குளிரில் ஒரு நோயாளிக் குழந்தையின் வீட்டு வாசலில் மருத்துவரை இறக்கிவிட்ட அந்த முதல் வண்டிகளே அவருக்கு உண்மையான நினைவுச்சின்னம். தம் மகனுக்குக் கிட்டாத வழியை அவர் பிறர் பிள்ளைகளுக்குத் திறந்து வைத்தார்.